ஆளை வெளியேற்ற ஐந்து நிமிடம்: ஆவணக் களஞ்சியத்துக்கு ஒரே லாகின் அமைத்த பதிவு

நேற்று சாயங்காலம் 4:10க்கு ஒரு சோதனைக் கணக்கை முடக்கினேன். பக்கத்து மேசைக் கணினியில் அதே கணக்கில் ஆவணக் களஞ்சியம் திறந்திருந்தது. கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அந்தப் பக்கத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். 4 நிமிடம் 38 விநாடியில் டிராயிங் பட்டியல் மறைந்து லாகின் பக்கம் வந்தது. பிப்ரவரியிலிருந்து நான் துரத்திக்கொண்டிருந்தது இந்த எண்ணைத்தான். அதனால்தான் சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், ரப்பர் உதிரிபாகங்கள் செய்கிற நிறுவனம் ஒன்றில். கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். வாடிக்கையாளர் டிராயிங்குகள், ஆய்வக ரிப்போர்ட்டுகள், தரச் சான்றிதழ்கள், தணிக்கைக் கோப்புகள் எல்லாம் சேர்த்து 310 ஜிபி. அத்தனையும் அல்ஃபிரெஸ்கோ என்ற ஆவணக் களஞ்சிய மென்பொருளின் கம்யூனிட்டி பதிப்பில் இருக்கின்றன. கொள்முதலும் இருப்பும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில். இரண்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு.

ஜனவரி கடைசியில் ஒரு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து தணிக்கைக்கு வந்தார்கள். "வேலையை விட்டுப் போறவங்க கணக்கை எத்தனை நாள்ல மூடுறீங்க?" என்று கேட்டார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கணினி தொடுகிற ஊழியர்கள் 58 பேர். களஞ்சியத்தில் கணக்குகள் 83. அதில் ஒன்று, ஏழு மாதம் முன்பு வேலையை விட்டவருடையது, முந்தின வாரம்கூடப் பயன்பட்டிருந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் பழைய பாஸ்வேர்டை வைத்தே ரிப்போர்ட்டுகளுக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அவருக்கு யாரும் புதுக் கணக்கு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கொடுத்திருக்க வேண்டியவன் நான். ஒரு ரப்பர் சீல் தேறியதா இல்லையா என்று சொல்கிற தாளில், ஊரிலேயே இல்லாத ஒருவர் பெயர் இருந்தது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஒரே இடத்தில் கணக்கு, ஒரே இடத்தில் பூட்டு என்று முடிவு செய்தேன். அதற்கு, கணக்குகளையும் லாகினையும் ஒரே இடத்தில் கவனிக்கும் கீக்ளோக் என்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் எளிமையானது: திறமூலம், ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கிடையாது, நம் சொந்த சர்வரிலேயே ஓடும். சர்வர் பழைய டவர்தான், 32 ஜிபி ரேம். அல்ஃபிரெஸ்கோவும் அதன் தேடல் பகுதியும் கோப்பு மாற்றும் பகுதியும் டாக்கர் கண்டெய்னர்களில் (ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பெட்டிபோல ஓடும் முறை) ஏற்கெனவே பாதிக்கு மேல் தின்றுகொண்டிருந்தன. கீக்ளோக்குக்கு 2 ஜிபி ஒதுக்கினேன். போதுமானதாக இருக்கிறது.

முதல் சறுக்கல் முதல் வாரத்திலேயே. பழகுவதற்காக மேம்பாட்டு முறையில் கீக்ளோக்கை ஓடவிட்டு, அப்படியே 58 பேரையும் ஏற்றிவிட்டேன். அந்த முறையில் அது தன் தரவைக் கண்டெய்னருக்குள்ளேயே ஒரு சிறு கோப்பில் வைத்துக்கொள்கிறது. வெளியே வால்யூம் (கண்டெய்னர் போனாலும் நிற்கும் சேமிப்பிடம்) எதுவும் நான் இணைக்கவில்லை. ஒரு அமைப்பை மாற்ற கண்டெய்னரை நீக்கி மறுபடி எழுப்பினேன். எழுந்தது வெறும் வீடாக எழுந்தது. இரண்டு நாள் தட்டச்சு போனது. மறுநாளே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றி, உற்பத்தி முறையில் ஓடவிட்டு, தினமும் ராத்திரி 1:30க்கு காப்பு எடுக்க வைத்தேன். ஆட்களை மறுபடி ஏற்றும்போது கையால் தட்டாமல் ஒரு விரிதாளிலிருந்து சிறு ஸ்கிரிப்ட்டில் ஏற்றினேன். அந்த விரிதாள் பிறகு பல தடவை கைகொடுத்தது.

ஏற்றும்போதே ஒரு முட்டுக்கட்டை. தரப்பிரிவில் ஐந்து பேருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. கீக்ளோக் இயல்பாகவே ஒரு மின்னஞ்சலை இரண்டு கணக்குக்கு ஒப்புக்கொள்ளாது. அந்தத் தடையைத் தளர்த்தவும் வழி இருக்கிறது. ஆனால் ஈஆர்பிநெக்ஸ்ட் ஆளை அடையாளம் காண்பதே மின்னஞ்சலை வைத்துத்தான். அதனால் ஐந்து பேருக்கும் தனி முகவரி போட்டேன். பழைய பொது முகவரிக்கு வருவது ஐந்து பேருக்கும் போகும்படி வைத்தேன். ஈஆர்பிநெக்ஸ்ட் வேலை அரை நாளில் முடிந்தது. அதில் கீக்ளோக்குக்கென்றே சமூக லாகின் பகுதியில் தயார் அமைப்பு இருக்கிறது.

அடுத்து சர்வரின் பெயரும், தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழும். ஆலைக்குள் மட்டும் தெரிகிற பெயர்கள் இரண்டு, ஒன்று லாகினுக்கு, ஒன்று களஞ்சியத்துக்கு. எங்கள் டொமைனுக்குக் கீழேயே வைத்தேன். இணையத்துக்குத் திறக்காத சர்வர் என்பதால், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழை, எங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவு வழியாகச் சரிபார்த்து வாங்கினேன். செலவு இல்லை, காலம் முடிவதற்குள் தானே புதுப்பித்துக்கொள்ளும். நாமே கையெழுத்திட்ட சான்றிதழை வைத்து, "எச்சரிக்கை வந்தா தாண்டிப் போங்க" என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தில் எச்சரிக்கையைத் தாண்டப் பழகிய கை, போலிப் பக்கத்திலும் தாண்டும்.

அல்ஃபிரெஸ்கோவை இணைக்க நான் எடுத்த வழி இது: முன்னால் அப்பாச்சி என்ற வலை சர்வர் நிற்கும், அதில் ஓப்பன்ஐடி கனெக்ட் (லாகினை வேறு சர்வரிடம் ஒப்படைக்கும் பொது முறை) மாட்யூல் இருக்கும், வருகிற ஆளை அது கீக்ளோக்குக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு, பெயரை ஒரு ஹெடரில் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி) எழுதி உள்ளே அல்ஃபிரெஸ்கோவுக்குக் கொடுக்கும். அல்ஃபிரெஸ்கோ அந்த ஹெடரை நம்பி ஆளை உள்ளே விடும். வெளி அங்கீகாரம் என்று அதற்கு ஒரு துணை அமைப்பே உண்டு. அங்கீகாரச் சங்கிலியில் அதை முதலிலும், அல்ஃபிரெஸ்கோவின் சொந்தப் பாஸ்வேர்டை இரண்டாவதாகவும் வைத்தேன்.

முதல் முயற்சியில் கீக்ளோக், லாகின் முடிந்ததும் ஆளைத் திருப்பி அனுப்பும் முகவரி தவறு என்று சொல்லி நின்றுவிட்டது. பதிவு செய்த முகவரியும் அப்பாச்சி அனுப்புகிற முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதல். நட்சத்திரக் குறி போட்டு எதையும் ஏற்கும்படி விட்டால் உடனே ஓடும். நிறைய பேர் அப்படித்தான் விட்டு வைக்கிறார்கள். கூடாது. அந்த முகவரிக்குத்தான் லாகினின் சாவி போகிறது. ஒரே ஒரு முகவரி, முழுசாக எழுதுங்கள்.

பிறகு லாகின் ஓடியது. சோதனைக்கு உட்கார்ந்த கணக்குப் பிரிவு அக்கா உள்ளே நுழைந்தார். அடுத்த நொடி, "தம்பி, என் ஃபைல் எல்லாத்தையும் காணோம்ப்பா" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. ஆறு வருஷ வவுச்சர்கள் அவை. ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையின் மேல் மூலையில் அவர் பெயருக்குப் பதிலாக நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு தொடர், அதன் பின்னால் கீக்ளோக்கின் முகவரி. அப்பாச்சி மாட்யூல் இயல்பில் ஆளின் உள் அடையாள எண்ணோடு லாகின் சர்வரின் முகவரியை ஒட்டித்தான் பயனர் பெயராகக் கொடுக்கும். நான் அதை மாற்றவில்லை. அல்ஃபிரெஸ்கோவோ தனக்குத் தெரியாத பெயர் வந்தால் புது ஆளாக எண்ணிக் கணக்கு திறந்து, காலியான வீட்டுக் கோப்புறையும் கொடுத்துவிடும். அக்காவின் கோப்புகள் பழைய பெயரில் பத்திரமாக இருந்தன. பயனர் பெயர் என்ற விவரத்தை எடுத்துக் கொடு என்று ஒரு வரி மாற்றியதும் எல்லாம் திரும்ப வந்தது. அக்கா ஒவ்வொரு வருஷக் கோப்புறையாகத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் எழுந்தார். அவர் செய்தது சரி.

இதை மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பயனர் பெயரை ஆளே மாற்றிக்கொள்ளும் வசதி கீக்ளோக்கில் இயல்பாக மூடியிருக்கும். அதைத் திறந்தால், தன் பெயரை இன்னொருவர் பெயராக மாற்றிக்கொண்டு அவர் கோப்புகளுக்குள் போக வழி பிறக்கும். மூடியே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வேலையிலேயே பெரிய விஷயம். மார்ச் நடுவில், எல்லாம் ஓடுகிறது என்ற திருப்தியில் இருந்தேன். ஒரு நாள் கேண்டீனில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி உறுத்தியது. அல்ஃபிரெஸ்கோ ஹெடரை நம்புகிறது, சரி. ஹெடரை அனுப்புவது அப்பாச்சிதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? மடிக்கணினியை ஆலையின் வைஃபையில் இணைத்தேன். அப்பாச்சியை விட்டுவிட்டு, அல்ஃபிரெஸ்கோ கேட்டுக்கொண்டிருக்கும் 8080 போர்ட்டுக்கு (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) நேராக, கர்ல் என்ற சிறு கருவியால் ஒரு கோரிக்கை அனுப்பினேன். ஹெடரில் நிர்வாகியின் பெயர் மட்டும்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை. நிர்வாகி கேட்டால் என்ன கொடுக்குமோ அதைக் கொடுத்தது.

அதாவது ஆலையின் வைஃபையில் இருக்கிற யாரும், ஒரே ஒரு வரியில், எல்லா வாடிக்கையாளரின் எல்லா டிராயிங்கையும் எடுத்திருக்கலாம். 83 கணக்கு இருந்த பழைய நிலையைவிட மோசமான ஒன்றை நான் கட்டியிருந்தேன். நம்பகமான ப்ராக்சியின் (முன்னால் நின்று கோரிக்கையைக் கடத்தும் சர்வர், இங்கே அப்பாச்சி) அடையாளத்தைக் குறிக்கிற அமைப்பை, படித்த வழிகாட்டிகளில் இருந்தபடி, வெறுமையாக விட்டிருந்தேன். வெறுமையாக விட்டால், அந்த ஹெடரை யார் அனுப்பினாலும் அல்ஃபிரெஸ்கோ நம்பும். அப்படி விடுகிறவர்கள் அந்தப் போர்ட்டை யாரும் தொட முடியாதபடி மூட வேண்டும்.

நான் மூடியிருந்தேனே! சர்வரில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 8080 மறுப்பு என்று தெளிவாக இருந்தது. ஒரு மணி நேரம் அந்த விதியையே நீக்கிச் சேர்த்து, சேர்த்து நீக்கிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது: கண்டெய்னரின் போர்ட்டை வெளியே கொடுக்கும்போது டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் பட்டியலான ஐபிடேபிள்ஸில் நேராக எழுதிவிடுகிறது. அந்தப் போக்குவரத்து யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசல் வழியே வருவதே இல்லை. யூஎஃப்டபிள்யூ மூடியதாகச் சொல்லும், போர்ட் திறந்தே இருக்கும்.

சரிசெய்தது இப்படி. கண்டெய்னர்களின் அமைப்பை எழுதி வைக்கும் கம்போஸ் கோப்பில், போர்ட் வரியின் முன்னால் 127.0.0.1 (அந்தக் கணினியே தன்னைக் குறிக்கும் முகவரி) சேர்த்தேன், அதனால் அந்தப் போர்ட் சர்வருக்குள் இருக்கும் அப்பாச்சிக்கு மட்டும் தெரியும். கீக்ளோக்கின் போர்ட்டுக்கும் அதே. வெளியிலிருந்து வரும் அந்த ஹெடரை அப்பாச்சி முதலில் அழித்துவிட்டு, தான் சோதித்த பெயரை மட்டும் எழுதும்படி வைத்தேன். பிறகு வேறொரு கணினியிலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவியை ஓட்டி, 22, 80, 443 தவிர எதுவும் திறந்திருக்கவில்லை என்று கண்ணால் பார்த்தேன். இப்போது மாதம் ஒருமுறை அதே கர்ல் கட்டளை தானாக ஓடி, இணைப்பு மறுக்கப்பட்டதா என்று எனக்கு அஞ்சல் அனுப்புகிறது. ஃபயர்வால் விதியைப் படிப்பதை நான் சோதனையாக எண்ணியதுதான் தப்பு. வெளியே நின்று தட்டிப் பார்த்தால்தான் சோதனை.

எல்லோரையும் மாற்றும் நாளாக அழகர் ஆற்றில் இறங்கும் நாளைக் குறித்தேன். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, ஆலையில் ஷிஃப்ட் இல்லை, வருஷத்தில் முழு அமைதி கிடைக்கிற நாள் அது. "எதிர்சேவையாச்சும் பாத்துட்டுப் போடா" என்று அம்மா சொன்னதால், முந்தின நாள் ராத்திரி தல்லாகுளத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு, விடியற்காலை எல்லோரும் வைகைக்குப் போகிற நேரத்தில் நான் எதிர்த்திசையில் கப்பலூருக்குப் போனேன். காலை 6:30க்கு ஆரம்பித்து 83 பழைய கணக்குகளில் 25ஐ முடக்கினேன். அழிக்கவில்லை, பழைய ஆவணங்களில் யார் எழுதினார்கள் என்ற வரலாறு நிற்க வேண்டும். மீதி 58க்கும் பழைய பாஸ்வேர்டை, யாருக்கும் தெரியாத நீண்ட தொடராக மாற்றினேன். களஞ்சியத்தின் உள்நிர்வாகிப் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, எம்.டி. சாரின் இரும்புப் பெட்டியில் வைத்தோம். கீக்ளோக்கே விழுந்தால் சர்வருக்குள் எஸ்எஸ்எச் (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் பாதுகாப்பான வழி) வழியே போய் அதை வைத்து நுழையலாம். லாகின் இல்லாமலே கோப்பைத் திறக்கும் பொது இணைப்பு வசதியையும் அன்றே அணைத்தேன். மதியம் 2 மணிக்கு முடிந்தது.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயம். பெரும்பாலோர் கைப்பேசியில் ஆறு இலக்க எண் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உற்பத்திக் கூடத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அங்கே வேலை பார்க்கும் ஆறு பேருக்கு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்கினோம், தொலைந்தால் மாற்ற இரண்டு கூடுதல். இந்தச் சாவி எந்தப் பெயரில் பதிந்ததோ அந்தத் தளப் பெயரில்தான் வேலை செய்யும். அதனால் சர்வர் பெயரை முடிவு செய்த பிறகு பதியுங்கள்.

மே மாதம் பராமரிப்புக்காக மின்தடை ஒரு நாள். ஜெனரேட்டர் எழத் தாமதமாகி, யூபிஎஸ் தாங்காமல், சர்வர் 40 நிமிடம் அணைந்து கிடந்தது. எழுந்த பிறகு ஆறு இலக்க எண் யாருக்கும் ஏற்கப்படவில்லை. பாஸ்வேர்டு சரி, யூஎஸ்பி சாவிக்காரர்கள் ஆறு பேரும் தடையில்லாமல் உள்ளே. "என்னண்ணே, நம்பர் தப்பு தப்புன்னே வருது" என்று வரிசையாக ஃபோன். நான் கீக்ளோக் அமைப்புகளைத் தோண்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கினேன். பதிவேட்டில் கடைசி வரியின் நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒப்பிட்டபோதுதான் விளங்கியது: சர்வரின் நேரம் 40 நிமிடம் பின்னால். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துப் பிறப்பது. நேரம் தப்பினால் எண்ணும் தப்பும். யூஎஸ்பி சாவிக்கு அந்தக் கணக்கு இல்லை. கீக்ளோக்கும் அப்பாச்சியும் ஒரே சர்வரில் இருப்பதால், இரண்டும் ஒரே தப்பான நேரத்தை நம்பி ஒற்றுமையாக ஓடிக்கொண்டிருந்தன.

காரணம் இரண்டு. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. மல்டிமீட்டரில் 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.1. லினக்ஸ் தான் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே கடிகாரத்தைத் தொடர்ந்திருக்கிறது. அதைத் திருத்த வேண்டிய நேர ஒத்திசைவும் நடக்கவில்லை, ஏனென்றால் நேரம் கேட்டு வெளியே போகும் யூடிபி 123 போர்ட்டை ரவுட்டரில் நானே இறுக்கி மூடியிருந்தேன். டவுன் ஹால் ரோட்டுக் கடிகாரக் கடையில் ₹40 கொடுத்து பேட்டரி வாங்கிப் போட்டேன். 123ஐத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வருக்கு மட்டும் திறந்தேன். 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவும் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது இந்த ஆய்வகத்தோடு ஒத்திசைக்கத்தான் சொல்கிறது. அதே உத்தரவு பதிவேடுகளை 180 நாள் வைக்கவும் சொல்கிறது. கீக்ளோக்கில் லாகின் நிகழ்வுகளைச் சேமிப்பது இயல்பில் அணைந்திருக்கும். அதைத் திறந்து 180 நாள் வைத்தேன்.

கடைசியாக அந்த நிமிடக் கணக்கு. மே கடைசியில் முதன்முதலாக அளந்தபோது, முடக்கிய கணக்கு களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டே இருந்தது. ஒரு மணி, இரண்டு மணி. அப்பாச்சி மாட்யூல் தனக்கென்று ஒரு செஷன் (ஆள் உள்ளே இருக்கிறார் என்ற நினைவு) வைத்துக்கொள்கிறது. தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் உச்ச ஆயுள் இயல்பாக 8 மணி நேரம். கீக்ளோக்கில் ஆளைப் பூட்டியது அதற்குத் தெரியவே தெரியாது. லாகின் ஆனவருக்குக் கீக்ளோக் கொடுக்கும் தற்காலிக அனுமதிச் சீட்டான அணுகல் டோக்கனின் ஆயுள் இயல்பாக 5 நிமிடம். அது முடிவதற்குள் டோக்கனைப் புதுப்பி, புதுப்பிக்க முடியாவிட்டால் ஆளை வெளியேற்று என்று அப்பாச்சியில் ஒரு வரி சேர்த்தேன். பூட்டிய கணக்குக்குக் கீக்ளோக் புது டோக்கன் கொடுக்காது. அங்கேதான் 4 நிமிடம் 38 விநாடி வந்தது. மூன்று தடவை அளந்தேன். எதுவும் 5ஐத் தாண்டவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அப்பாச்சி மாட்யூலில் சும்மா இருக்கும் நேர வரம்பு இயல்பாக 300 விநாடி. ரிப்போர்ட்டின் விவரங்களை நிதானமாக நிரப்புகிற தரப்பிரிவு அண்ணன், சேமி பொத்தானை அழுத்தியதும் நிரப்பியதெல்லாம் போய்விட்டது என்று இரண்டு தடவை வந்து சொன்னார். 1,800 விநாடியாக்கினேன், கீக்ளோக்கின் 30 நிமிடத்தோடு பொருந்தும்படி.

செலவு: யூஎஸ்பி சாவி எட்டு, ₹22,400. பேட்டரி ₹40. மென்பொருளுக்கும் சான்றிதழுக்கும் எதுவும் இல்லை. என் நேரம், வழக்கமான வேலைக்கு நடுவே, ஏறக்குறைய 130 மணி. அதில் ஐம்பது மணியாவது தவறான பாதைகளில் போனது.

மறுபடி செய்வதாக இருந்தால், லாகின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் இரண்டு சோதனைகளை எழுதி வைத்துக்கொள்வேன்: அப்பாச்சியைத் தாண்டி நேராகத் தட்டினால் என்ன ஆகிறது, முடக்கிய கணக்கு எத்தனை நிமிடம் உயிரோடு இருக்கிறது. கீக்ளோக்கைத் தனிச் சிறு கணினியில் வைப்பேன். யூபிஎஸ்ஸை அதற்கும் முன்பே மாற்றியிருப்பேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்கேனர் இயந்திரத்துக்கு இந்த லாகின் எதுவும் தெரியாது. அது இன்னும் ஒரு பொதுக் கோப்புறையில் பிடிஎஃப் போடுகிறது, ஒரு ஸ்கிரிப்ட் அதை எடுத்து, ஒரே ஒரு கோப்புறையில் எழுத மட்டும் உரிமையுள்ள கணக்கில், சர்வருக்குள்ளிருந்தே களஞ்சியத்தில் ஏற்றுகிறது. யார் ஸ்கேன் செய்தார்கள் என்ற பெயர் அதில் வருவதில்லை. இயந்திரத்தில் ஆளுக்கொரு எண் கொடுத்து அதைக் கோப்பின் பெயரில் சேர்க்க முடியுமா என்று திங்கள்கிழமை பார்க்கப் போகிறேன்.

பணியாளர் பிரிவு மேடத்துக்குக் கீக்ளோக்கில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கிற உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். இன்று காலை ஸ்டோர்ஸில் ஒருவர் கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பினார். அவர் கேட்டைத் தாண்டும் முன்பே, என்னைக் கூப்பிடாமல், மேடமே பூட்டிவிட்டார்.